லிம்பர்கர் ரயிலின் முதலாளியம்மா

ரயில் கம்பெனி முதலாளி என்றதும் நம் கண் முன்னால் வருவது ஒரு தொப்பை, அதன்மேல் ஒரு தங்கச் சங்கிலி, வாயில் ஒரு சுருட்டு. ரோசினா எல்மரிடம் இந்த மூன்றில் தொப்பை மட்டும் இருந்தது. அதுவும் சீஸ் தின்று வந்த தொப்பை, ஊரான் சொத்தைத் தின்று வந்ததல்ல. விஸ்கான்சினில் சுவிஸ்காரர்கள் குடியேறிய லிந்தால் என்ற ஊரில் அவள் சீஸ் பட்டறை நடத்திவந்தாள். கூடவே பன்னிரண்டு மைல் நீளமுள்ள ஒரு ரயில் கம்பெனிக்குத் தலைவியாகவும் இருந்தாள். மலையைக் குடைந்தவன், பாலம் கட்டியவன், கூட்டாளியைக் கவிழ்த்தவன் என்று அமெரிக்க ரயில் முதலாளிகள் எல்லோரைப் பற்றியும் தலையணை தடிமனுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ரோசினாவைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது. எழுதியவர்கள் யாரும் அவள் பட்டறைப் பக்கம் வந்து மூச்சு விட்டிருக்க மாட்டார்கள்.

அவள் செய்தது லிம்பர்கர் சீஸ். நாக்குக்கு அமிர்தம், மூக்குக்கு எமன். நனைந்த காலுறையை ஒரு வாரம் பூட்ஸுக்குள்ளேயே மறந்துவிட்டு எடுத்தால் வருமே, அந்த வாசனை. லிந்தால்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. அதற்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு, அதற்குள்ளேயே செத்தும் போனார்கள். வெளியூர்க்காரன் வந்து மூக்கைப் பிடித்தால் பாவம், ஜலதோஷம் என்று நினைத்து வெங்காய சூப் கொடுப்பார்கள்.

ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய ரயில் கம்பெனியின் தடம் கிழக்கு மேற்காக ஓடியது. அதன் பெயரைச் சொல்லி நமக்கு என்ன ஆகப்போகிறது, லிந்தாலில் எல்லோரும் ‘பெரியவன்’ என்றுதான் சொன்னார்கள். பெரியவனின் ரயிலில்தான் சீஸ் சந்தைக்குப் போகவேண்டும். ஆனால் சீஸ் பெட்டிகளைப் பார்த்தாலே ஸ்டேஷன் மாஸ்டர் முகம் சுளிப்பார். பிளாட்பாரத்தின் கடைக்கோடியில், கொளுத்தும் வெயிலில், கடைசி வண்டிக்குக் காத்திருக்க வைப்பார். ஒரு கோடையில், மற்ற சரக்கெல்லாம் நாறுகிறது என்று சொல்லி, இனி லிம்பர்கரை ஏற்றவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பால் ஊற்ற வந்த விவசாயிகளெல்லாம் பட்டறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ரோசினா உப்புத்தண்ணீர் சொட்டும் கையோடு வெளியே வந்தாள்.

“எல்லாரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்களே. தெற்க பன்னெண்டு மைல்ல இன்னொரு கம்பெனி ரயில் போகுது. அவன் நம்ம சீஸ ஏத்திக்கறேங்கறான். அது வரைக்கும் நாமளே ஒரு தண்டவாளம் போட்டா என்ன?”

அவள் கணவன் ஃப்ரிடோலின் சீட்டாட்டத்திலிருந்து தலை தூக்கினான். நல்ல மனிதன். அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

“ரோசி, வேலி போடுற மாதிரி சொல்ற. அது ரயிலு!”

“நீ போட்ட வேலியவிட நேராத்தான் இருக்கும். சும்மா இரு.”

பக்கத்துப் பண்ணைக் கஸ்பர் மட்டும் எழுந்து நின்றான். வாயாடி, அவசரக்குடுக்கை. ஆனால் எதற்கும் முதலில் கை தூக்குகிறவன். “போடலாம்க்கா. ஆனா பேரு பெருசா இருக்கணும். எல்லாக் கம்பெனிக்காரனும் பேர்ல சமுத்திரத்த வச்சிருக்கான்.”

அப்படித்தான் அந்தப் பன்னிரண்டு மைலுக்கு ‘லிந்தால், சிகாகோ அண்ட் பசிபிக் ரயில்வே’ என்று பெயர் வந்தது. சிகாகோவுக்கும் பசிபிக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கம்பெனிக்கு இருந்த ஒரே ஒரு பெட்டியின் பக்கவாட்டில் அந்தப் பெயரை எழுதி முடிக்க முடியாமல், ‘ரயில்வே’ என்ற சொல் மறுபக்கத்துக்குப் போயிற்று.

ஒருவன் மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்தான். ஒருவன் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கு ஓக் மரங்களை வெட்டிக் கொடுத்தான். இரண்டு அண்ணன் தம்பிகள் காளைகளை விற்றார்கள். பெண்கள் வெண்ணெய்க் காசைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாதிரியார் லீனார்ட்கூட ஒரு பங்கு வாங்கினார். தலைவர் யார் என்று வந்தபோது ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைத் திட்டுவது என்பதுதான் கேள்வி. ரோசினாவே சொன்னாள்:

“நான்தான் உங்க தலையில இத கட்டினேன். கோடை முடியறதுக்குள்ள நம்ம சீஸ் நம்ம வண்டியில போகும். போகலன்னா என் பட்டறைய வித்து அவங்கவங்க குடுத்தத திருப்பிக் குடுத்துடறேன். போதுமா?”

போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். பட்டறை அவள் அப்பன் கட்டியது. அதை விட்டால் அவளுக்கு வேறு உலகம் தெரியாது. இரவல் வாங்கிய தைரியத்தில் பேசிவிட்டு உள்ளே போனவள், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள் என்று ஃப்ரிடோலின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறான்.

தண்டவாளம் என்னவோ மளமளவென்று வந்துவிட்டது. பழைய இன்ஜின் ஒன்றும் கிடைத்தது. இழுக்கும்போது கிழவன் மாடிப்படி ஏறுகிற மாதிரி முனகும். எல்லாம் சரி, ஒரு முப்பது அடி மட்டும் பாக்கி. ஊரிலிருந்து தெற்கே போகிற தடம் பெரியவனின் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவேண்டும். அந்த இடத்தில் வைக்கிற இரும்புச் சட்டத்துக்கு ரயில்காரர்கள் பாஷையில் தவளை என்று பெயர். சின்னக் கம்பெனி தாண்டுவதற்குப் பெரிய கம்பெனி வழிவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைப் பெரிய கம்பெனிகள் எப்படி மதிக்கும் என்பதற்கும் ஒரு பழைய வழக்கம் இருந்தது. தவளை வைக்கவேண்டிய இடத்தின்மேல் ஒரு இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். அடுப்பு எரியும், புகை வரும், நகராது. கேட்டால், எங்கள் தடம், எங்கள் இன்ஜின், எங்கள் இஷ்டம் என்பார்கள்.

பெரியவனும் அதைத்தான் செய்தான். ஒரு காலை பார்த்தால் அந்த முப்பது அடியின்மேல் கறுப்பாக ஒரு இன்ஜின் உட்கார்ந்திருந்தது. உள்ளே மத்தியாஸ் கோப் என்ற டிரைவரும், டெர்மட் என்ற ஐரிஷ்கார ஃபயர்மேனும் இருந்தார்கள். தங்கள் கம்பெனியின் ரயில் வரும்போது மட்டும் முன்னாலேயே ஸ்டேஷன் வரை ஓடி, ஒதுங்கி நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு, அது போனதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த இடைவெளியில் தவளையை வைக்க முடியாது. கஸ்பர் ஒருமுறை முயன்று, கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

வக்கீலைக் கேட்டதற்கு, “ஞாயித்துக்கிழமை வச்சுடுங்கம்மா. கோர்ட்டு கிடையாது, தடையுத்தரவு வாங்க நீதிபதி கிடைக்க மாட்டாரு. திங்கக்கிழமை காலைல தவளை உக்காந்திருந்தா அப்புறம் அத எவனும் பிடுங்க முடியாது,” என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் மத்தியாஸ் அங்கேயேதான் இருந்தான். அது மட்டுமல்ல, லிந்தாலில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். பால் கறக்கலாம், சீஸைத் திருப்பிப் போட்டு உப்புத்தண்ணீர் தடவலாம். பசுவுக்கும் சீஸுக்கும் கிழமை தெரியாது என்பதால் பாதிரியார் விட்டுக்கொடுத்திருந்தார். மற்ற எந்த வேலைக்கும் நரகம்தான்.

கஸ்பருக்கு ஒரு யோசனை வந்தது. “அக்கா, வெளியூர்க்காரனுக்கு நம்ம சீஸ் ஆகாதுல்ல? நல்லா பழுத்த பெட்டிங்க நாப்பது, காத்து வர்ற பக்கமா அவன் மூக்குக்கு நேரா அடுக்கிடுவோம். மத்தியானத்துக்குள்ள ஓடிடுவான்.”

அடுக்கினார்கள். வெயில் ஏறியது. சீஸ் தன் வேலையைத் தொடங்கியது. டெர்மட் முதலில் இருமினான், பிறகு மாதாவைக் கூப்பிட்டான், பிறகு மண்வெட்டியை எறிந்துவிட்டு தண்டவாளத்தின் மேலேயே ஓடினான். அவனை அந்த மாவட்டத்தில் அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்கள் தொப்பிகளை வீசினார்கள்.

அப்போது மத்தியாஸ் மெதுவாகக் கீழே இறங்கினான். மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நேராகப் பெட்டிகளிடம் வந்து ஒன்றைத் திறந்தான்.

“ஐயோ, எங்கம்மா வீட்டு லிம்பர்கர்! கப்பலேறி வந்து இருவது வருஷமாச்சு, இந்த வாசனைக்கு ஏங்கிப் போயிட்டேன். ஏம்மா, கொஞ்சம் கறுப்பு ரொட்டி இருக்குமா? ஒரு வெங்காயம்?”

பசி என்று வந்தவனிடம் இல்லை என்று சொல்ல ரோசினாவின் வளர்ப்பில் இடமில்லை. ரொட்டி வந்தது, வெங்காயம் வந்தது, கடுகுச் சாந்து வந்தது, பீர் வந்தது. மத்தியாஸ் சம்மணமிட்டு உட்கார்ந்து முக்கால் கட்டியைத் தீர்த்தான். மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாள் அவன் வருவதற்குள் ரோசினாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிரியை விரட்ட வைத்த சீஸ், எதிரியை அங்கேயே குடிவைத்துவிட்டது. முன்பாவது அவன் சலித்துப்போய் மாற்றல் கேட்டிருப்பான். இப்போது கம்பெனியே மாற்ற நினைத்தாலும் போகமாட்டான்.

“ஏன்யா மத்தியாஸ்,” என்று ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள், “தின்னுறது எங்க சீஸு. மறிக்கிறது எங்க வழி. உனக்கே நல்லாருக்கா?”

அவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். “நல்லால்லம்மா. ராத்திரியெல்லாம் நெஞ்ச அரிக்குது. ஆனா சம்பளம் குடுக்கறவன ஏமாத்தி எனக்குப் பழக்கமில்ல. நீங்க வேணும்னா சாப்பாட்ட நிறுத்திடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

“நிறுத்தணுமாம்ல! இந்தா, இன்னொரு துண்டு தின்னு. பாவி!”

கோடை வடிந்துகொண்டிருந்தது. மேய்ச்சல் காய்ந்தது. விவசாயிகள் பால் ஊற்ற வரும்போது முன்போல் பேசுவதில்லை. காளை விற்ற அண்ணன் தம்பிகள் பட்டறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாங்கப்போகிறவன் பார்க்கிற மாதிரி. ரோசினாவுக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் கொடுத்தது காளை, அவள் கொடுத்தது வெறும் வாய்ச்சொல்.

மழை இல்லை, காற்றும் இல்லை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷனில் தண்ணீர் இறைக்கிற காற்றாடி சுற்றாமல் நின்றுவிட்டது. தொட்டி வறண்டது. காலையில் மத்தியாஸ் பட்டறை வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

“அம்மா, கேக்கவே கூச்சமா இருக்கு. இன்ஜினுக்குத் தண்ணி இல்ல. தபால் ரயில் வர்றதுக்குள்ள ஊத்தலன்னா பாய்லர் வெடிச்சிடும்.”

ஃப்ரிடோலின் சீட்டைக் கீழே வைத்தான். “வெடிக்கட்டுமே ரோசி! ஒரேயடியா வழி பொறந்துடும்.”

“உள்ள ஆள் இருக்கான்டா மடையா. கஸ்பர்! தண்ணி வண்டிய பூட்டிக்கிட்டுப் போய் ஊத்திட்டு வா.”

பட்டறையில் இரண்டு தொட்டி வண்டிகள் இருந்தன. ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் பால் திரிந்தபின் மிஞ்சுகிற புளித்த பால்தண்ணீர், அது தினமும் கஸ்பரின் பன்றிகளுக்குப் போகும். கஸ்பர் கோயிலுக்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முதல் மணி அடித்துவிட்டது. சட்டையில் அழுக்குப் படாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்குக் கிடைத்த வண்டியைப் பூட்டி ஓட்டிப்போய், இன்ஜின் தொட்டியில் குழாயைச் சொருகிக் கடைசிச் சொட்டு வரை இறக்கினான். அடுத்த வண்டியைப் பன்றிகளுக்கு ஊற்றிவிட்டுக் கோயிலுக்கு ஓடினான்.

கஸ்பர் வேண்டுமென்றே செய்தான் என்று பின்னால் பெரியவனின் வக்கீல் கோர்ட்டில் கத்தினார். சாகும்வரை கஸ்பர் இல்லை என்றே சத்தியம் செய்தான். நம்பத்தான் வேண்டும். வேண்டுமென்று செய்கிறவன் தன் சொந்தப் பன்றிகளைப் பட்டினி போடுவானா? முதலில் சந்தேகத்தைக் கிளப்பியதே அந்தப் பன்றிகள்தான். வெறும் தண்ணீரைப் பார்த்து அவை போட்ட கூச்சல் பட்டறை வரை கேட்டது. தனியாக சீஸுக்கு உப்புத்தண்ணீர் தடவிக்கொண்டிருந்த ரோசினா என்னவென்று பார்க்க வெளியே வந்தாள். பன்றித் தொட்டியில் கையை விட்டாள். தண்ணீர். தெளிவான, அருமையான தண்ணீர்.

“அடப்பாவி கஸ்பர்!” என்று அவள் தடத்தைப் பார்த்து ஓடத் தொடங்கியபோது, அங்கே இன்ஜின் நுரைக்க ஆரம்பித்திருந்தது.

பாய்லரில் பால்தண்ணீர் கொதித்தால் என்ன ஆகும் என்று எந்த ரயில்வே பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். புகைபோக்கி வழியே வெள்ளை வெள்ளையாகப் பொங்கியது. விசிலை இழுத்தால் சத்தத்துக்குப் பதில் நுரை வந்தது. சக்கரம் ஒரு சுற்று சுற்றி, ஏப்பம் விட்டு நின்றது. மத்தியாஸ் அடுப்பிலிருந்த நெருப்பைக் கொட்டி அணைத்துவிட்டுக் கீழே குதித்து, தலைமுதல் கால்வரை நுரையோடு புல்லில் உட்கார்ந்தான்.

“போச்சும்மா. செத்துடுச்சு. இனிமே நானே நெனச்சாலும் நகராது.”

ஓடிவந்து சேர்ந்த ரோசினா நுரை வடியும் இன்ஜினைப் பார்த்தாள். இத்தனை நாள் நகரக்கூடிய ஒரு இன்ஜின் வழியை மறித்திருந்தது. இப்போது நகரவே முடியாத ஒன்று. அவள் கொடுத்த தண்ணீரால். பட்டறை போயிற்று என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அவளும் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் தபால் ரயில் வந்தது. அரசாங்கத் தபாலை ஒரு நிமிடம் தாமதப்படுத்தினாலும் கம்பெனிக்குத் தண்டனை. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

“எவன்டா அது, மெயின் லைன்ல நின்னு சோப்பு காய்ச்சறது?”

“நான்தான்டா, கோப்! வண்டி படுத்துடுச்சு!”

“படுத்தா எழுப்பு! பின்னாடி மூணு பெட்டி தபால் இருக்கு, எங்கப்பன் வீட்டுச் சொத்து இல்ல!”

கொஞ்ச நேரம் இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் தாயார் வழியாகவும் தகப்பனார் வழியாகவும் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. தபால் ரயில் மெதுவாக வந்து செத்த இன்ஜினின் முதுகில் முட்டியது. முட்டித் தள்ளிக்கொண்டே போயிற்று. ஸ்டேஷனில் அதைக் கழுவ தண்ணீர் இல்லை. ஆகவே அதற்கும் அப்பால், மேற்கே இருக்கும் பெரியவனின் இன்ஜின் பட்டறை வரை தள்ளிக்கொண்டு போகவேண்டும். மத்தியாஸையும் ஏற்றிக்கொண்டு, நுரை பறக்கப் பறக்க இரண்டும் வளைவில் மறைந்தன.

ரோசினா முப்பது அடி வெற்றுத் தண்டவாளத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தபாலுக்குப் பிறகு அந்தத் தடத்தில் வேறு ரயில் கிடையாது. சூரியன் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு அழகான இடத்தைப் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடினாள்.

பாதிரியார் லீனார்ட் பிரசங்கத்தின் நடுவில் இருந்தார். கதவு படாரென்று திறந்தது. உப்புத்தண்ணீர், வியர்வை, லிம்பர்கர், நுரை எல்லாம் கலந்த ஒரு உருவம் வாசலில் நின்று மூச்சு வாங்கியது.

“இன்ஜின் போயிடுச்சு! எல்லாரும் வாங்க!”

யாரும் அசையவில்லை. கை கால்கள் துடித்தன, ஆனால் கண்கள் எல்லாம் பாதிரியாரிடம். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“ரோசினா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.”

“தெரியும் ஐயா. மாடு கிணத்துல விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு வேதத்துல இருக்குல்ல?”

“இருக்கு. ஆனா மாடு எங்க?”

“ஊர்ல இருக்கிற எல்லா மாடும் அந்த முப்பதடி கிணத்துக்குள்ளதான் ஐயா கிடக்கு! கறந்த பாலெல்லாம் அங்கதான் கிடக்கு! நாளைக்கு விடிஞ்சா மூடிடுவாங்க!”

பாதிரியார் பைபிளை ஒருமுறை புரட்டினார், மூடினார். தொண்டையைச் செருமினார்.

“எனக்கு இந்த ரயில்ல ஒரு பங்கு இருக்கு. அதனால நான் தீர்ப்பு சொன்னா நியாயமா இருக்காது. பாட்டு பாக்கி இருக்கு. நீளமான பாட்டு. எப்பவும் கண்ண மூடிட்டுத்தான் பாடுவேன்னு உங்களுக்கெல்லாம் தெரியும்.”

கண்ணை மூடினார். முதல் அடியை எடுத்தார். பாட்டின் முதல் பத்தி முடிவதற்குள் ஆர்கன் வாசிக்கிற காது கேளாத கிழவரையும் பாதிரியாரையும் தவிரக் கோயிலில் ஈ காக்கை இல்லை. அவர் எல்லாப் பத்திகளையும் பாடினாராம். முடிந்ததும் இன்னொரு பாட்டைத் தொடங்கினாராம்.

வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் பட்டுச் சால்வையுமாக லிந்தால் முழுதும் அன்று தவளை வைத்தது. ஆண்கள் தண்டவாளத்தை அறுத்தார்கள். பெண்கள் கட்டைகளைத் தூக்கினார்கள். ஃப்ரிடோலின்கூட ஒரு ஆணி அடித்தான். அது கோணலாகப் போனதால் கஸ்பர் பிடுங்கி மறுபடி அடித்தான். அந்தி சாய்வதற்குள் இரும்புச் சட்டம் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. உடனே பழைய இன்ஜினை மூட்டி, ஒரே பெட்டியில் சீஸை ஏற்றி, முனகி முனகிக் கொண்டுவந்தார்கள். சக்கரம் தவளைமேல் ஏறியபோது கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. ரோசினா இன்ஜினில் நின்றுகொண்டு, எல்லோரும் பார்க்க, வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதாள். காளை விற்ற அண்ணன் தம்பிகள் இருவரும் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கழுவிய இன்ஜினோடு மத்தியாஸ் திரும்பினான். தவளையைப் பார்த்ததும் இறங்கி அதைச் சுற்றி வந்தான். குனிந்து ஆணிகளைத் தொட்டுப் பார்த்தான்.

“நல்லா வச்சிருக்கீங்கம்மா. என் வேல போச்சு.”

“போகட்டும். எங்க இன்ஜின் ஓட்டறதுக்கு ஆள் வேணும். சம்பளம் கம்மி, சாப்பாடு ஜாஸ்தி.”

“இன்னிக்கு இத ஒப்படைச்சுட்டு நாளைக்கு வர்றேன்,” என்றான் மத்தியாஸ். அப்படியே மறுநாள் வந்தான். அதற்குப்பின் வேறெங்கும் போகவில்லை.

கோர்ட்டில் நீதிபதி வக்கீல்களைக் கேட்டார், கஸ்பரைக் கேட்டார், பன்றிகளைப் பற்றியும் கேட்டார். கடைசியில் தவளை இருக்கட்டும் என்று சொல்லி, சட்டப்புத்தகத்தில் இருந்ததையே படித்தார். இரண்டு கம்பெனித் தடங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எந்த ரயிலாக இருந்தாலும் முழுதாக நின்று, பார்த்து, பிறகுதான் போகவேண்டும். அன்றிலிருந்து பெரியவனின் ஒவ்வொரு ரயிலும் லிந்தாலில் நின்றது. பட்டு மெத்தை போட்ட எக்ஸ்பிரஸ் நின்றது. தபால் நின்றது. மந்திரிகள் போன ஸ்பெஷல் நின்றது. எதிரே ரோசினாவின் ஒற்றைப் பெட்டி முனகிக்கொண்டு தாண்டும்வரை உள்ளே இருந்த துரைமார்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். சிலர் ஜன்னல் வழியே ஒரு கட்டி வாங்கிக்கொண்டும் போனார்கள்.

ரயில் கம்பெனித் தலைவர்கள் ஒருவருக்கொருவர் இலவச பாஸ் அனுப்பிக்கொள்வது அந்தக் காலத்து மரியாதை. ரோசினாவும் அனுப்பினாள். நாட்டிலுள்ள எல்லாக் கம்பெனிகளிலிருந்தும், பெரியவனிடமிருந்துகூட, பதிலுக்கு பாஸ் வந்தது. எல்லாம் ‘திருவாளர் எல்மர்’ பெயரில். ஒருமுறை அவள் கலிஃபோர்னியா பார்க்கக் கிளம்பினாள். டிக்கெட் பரிசோதகர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இது உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்த பாஸும்மா. அவர வரச்சொல்லுங்க.”

“அவனா? அவனுக்கு இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியாதுய்யா.”

“எத்தனையோ முதலாளிங்களுக்கும் தெரியாதும்மா. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்.”

அப்படியாக அமெரிக்கா முழுவதையும் ஓசியில் சுற்றிப் பார்த்தது ஃப்ரிடோலின்தான். போன இடமெல்லாம் மாலை மரியாதை. பசிபிக் சமுத்திரத்தையும் பார்த்துவிட்டு வந்து, “நம்ம தடத்த அதுவரைக்கும் நீட்டலாம் ரோசி, நல்ல எடம்,” என்றான். அவள் சீஸ் துடைக்கிற துணியை அவன்மேல் எறிந்தாள். உள்ளுக்குள் அவளுக்கு வருத்தம்தான். ஒரு தடவையாவது சமுத்திரத்தைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அது கடைசிவரை நடக்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பன்னிரண்டு மைல் ஓடியது. பிறகு தார்ரோடு வந்தது, லாரி வந்தது. விவசாயிகளின் பிள்ளைகள் சீஸை வாசலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, லாரிக்குத் தவளை வேண்டியதில்லை. ஃப்ரிடோலின் போய்ச் சேர்ந்தான், மத்தியாஸும் போனான். தண்டவாளத்தை எடுத்துவிடுவது என்று பங்குக்காரர்கள் கூடி முடிவு செய்தபோது ரோசினாவும் கை தூக்கினாள். பெரியவனின் ஆட்கள் இயந்திரத்தோடு வந்து, லிந்தால் ஒரு ஞாயிறு முழுக்கப் பாடுபட்டு வைத்ததைச் சாப்பாட்டு வேளைக்குள் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். இனிமேல் எக்ஸ்பிரஸ் நிற்காமல் பறக்கும், பத்து நிமிடம் மிச்சம் என்று அவர்களுடைய மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அந்தப் பக்கமே போகக்கூடாது என்றுதான் ரோசினா இருந்தாள். ஆனால் எக்ஸ்பிரஸ் வருகிற நேரத்துக்குக் கால்கள் தாமாக அங்கே கொண்டுபோய் விட்டன. தவளை இருந்த இடத்தில் புதுச் சரளைக்கல் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்தில் அவளுடைய தடம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, கொஞ்சம் துரு மட்டும். தூரத்தில் புகை தெரிந்தது. பறக்கப் போகிறான் என்று நினைத்து அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்பிரஸ் வளைவில் திரும்பியது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில், முழுசாக நின்றது. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. நிற்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

டிரைவர் கீழே குனிந்து வெறும் சரளைக்கல்லைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷமாக அந்தத் தடத்தில் ஓட்டுகிறவன்.

“ஐயய்யோ, எடுத்துட்டாங்கல்ல! நேத்தே சொன்னாங்கம்மா. கை தானா இழுத்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, கம்பெனில என்னத் தொலைச்சுடுவாங்க.”

“நான் யார்கிட்டப்பா சொல்லப்போறேன்?”

அவள் குரல் உடைந்திருந்தது. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். கை நெம்புகோல்மேல் இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“அப்போ... போகட்டுமாம்மா?”

ரோசினா கண்ணைத் துடைக்கவில்லை. வேலியிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து நின்றாள்.

“போய்ட்டு வாப்பா,” என்றாள்.